மூன்றாவது பத்திக்கு ஆதாரம்

போன வாரம் நம் குழுவில் ஒருத்தி தன் பேத்தியின் பள்ளிக்கூடத் தாளைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். ஆங்கிலக் கட்டுரை எழுதுவது எப்படி என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். முன்னுரை ஒரு பத்தி, நடுவில் மூன்று பத்தி, முடிவுரை ஒரு பத்தி, கடைசியில் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்த இணையதளம் என்று ஒரு பட்டியல். பட்டியல் இல்லாவிட்டால் பாதி மதிப்பெண் போய்விடுமாம். உடனே நீங்கள் எல்லோரும் சிரிப்புப் பொம்மைகளை அனுப்பி, "நம்ம மிஸ் இதை அப்பவே பண்ண வெச்சாங்களே" என்று ஆரம்பித்துவிட்டீர்கள். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஏன் என்று சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இது மாரெட்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த, தமிழ் பேசும் நம் எட்டுப் பேருக்கு மட்டும். பெரிய குழுவில் போட்டுவிடாதீர்கள். உங்களில் இரண்டு பேர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள், அதுவும் தெரியும். வீட்டுக்காரரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிஸ் வந்தது நாம் பத்தாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம். அதற்கு முன் ஏதோ ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவர் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெளிர்நிறப் புடவை, கையில் எப்போதும் ஒரு குண்டூசி டப்பா. அதுவரை நாம் கட்டுரை எழுதியதாகவா நினைக்கிறீர்கள்? கைடில் இருந்த மழைநாளையும் ரயில் பயணத்தையும் நெட்டுருப் போட்டு வாந்தி எடுத்தோம். ஒரே மழை நாற்பது பேர் நோட்டிலும் ஒரே மாதிரி பெய்யும். எல்லோருடைய ரயிலும் ஒரே ஸ்டேஷனில் தாமதமாகும். அதிலும் நான்தான் முதல் மதிப்பெண், ஏனென்றால் என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும்.

மிஸ் அந்த நோட்டுகளை எல்லாம் மூடி ஓரமாக வைத்துவிட்டார். கட்டுரை என்றால் ஐந்து பத்தி. முதல் பத்தியில் நீ சொல்லப் போவது என்ன என்று ஒரே வாக்கியம் இருக்க வேண்டும், அதன் கீழே சிவப்புக் கோடு போட வேண்டும். நடுப் பத்திகள் ஒவ்வொன்றும் ஒரு விஷயத்தைத்தான் பேச வேண்டும். கடைசிப் பத்தியில் முதல் பத்தியைத் திருப்பிச் சொன்னால் கோடு போட்டு அடித்துவிடுவார். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கட்டுரைக்குப் பின்னால் அரைத் தாள் ஒன்றைக் குண்டூசியால் குத்தித் தர வேண்டும். நடுப் பத்தி மூன்றுக்கும் செய்தி எங்கே கிடைத்தது என்று அதில் மூன்று வரி. புத்தகமாக இருந்தால் எழுதியவர், தலைப்பு, பக்கம். ஆளாக இருந்தால் பெயர், என்ன வேலை, எந்த இடத்தில் சொன்னார், என்ன கிழமை. மிஸ் ஊசியை உருவி அந்த அரைத் தாளைத்தான் முதலில் படிப்பார், அப்புறம்தான் கட்டுரை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "கவாஹி கைக்கு மிஸ்? இது கோர்ட்டா?" என்று கேட்டாளே, நினைவிருக்கிறதா? சாட்சி எதற்கு என்று கேட்டாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அந்த அரைத் தாளுக்குக் கவாஹி என்றே பெயர் நிலைத்துவிட்டது. மிஸ் கூடப் பிற்பாடு அப்படித்தான் சொன்னார்.

எனக்கு இதில் ஒரு கஷ்டமும் வராது என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி இருந்தது. உள்ளே சிவப்பு அட்டையில் பத்துத் தொகுதி ஆங்கிலக் கலைக்களஞ்சியம். திறந்தால் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறும். சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். அப்பா ரயில்வே ஆபீசிலிருந்து வந்து காபி குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, எந்தத் தொகுதி வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவர் எடுத்து மேஜையில் வைப்பார். எழுதி முடித்ததும் அவரே உள்ளே வைத்துப் பூட்டுவார். "கண்ணாடியில கை வெக்காதே" என்பதைத் தவிர அந்த அலமாரியைப் பற்றி அவர் என்னிடம் பேசியதாக எனக்கு நினைவே இல்லை. என்ன எழுதுகிறேன் என்றும் கேட்டதில்லை.

இந்தச் சமயத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள். உங்களுக்கெல்லாம் அவள் பெயர் மறந்திருக்கும், ஏனென்றால் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மல்லாபூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததால் மல்லாபூர்க்காரி. அவள் அப்பா அங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஏதோ மருந்து ஆலை இருந்தது. அவள் யூனிஃபார்மில் அந்த வாடை எவ்வளவு துவைத்தாலும் போகாது. இரண்டு பேரும் தமிழ்தானே என்று மிஸ் அவளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்.

முதல் கட்டுரைக்குத் தலைப்பு தண்ணீர். நான் பத்தாவது தொகுதியிலிருந்து ஆவி, மேகம், கடல் என்று மூன்று பத்தி எழுதி, பக்க எண்களோடு கவாஹி போட்டேன். மிஸ் அதில் ஒரு "குட்" போட்டார். அவ்வளவுதான். மல்லாபூர்க்காரியின் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். கட்டுரையைப் படிக்கவில்லை, கவாஹியைப் படித்தார். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர், வால்வுக்குப் பக்கத்தில் நின்று சொன்னது, ஞாயிறு. குழாயடியில் குடங்களை வரிசை வைக்கும் அம்மாள், அதே இடம், அதே ஞாயிறு. மூன்றாவது, என் அம்மா, அரிசி களையும்போது சொன்னது, திங்கள். மிஸ்ஸின் குரல் லேசாக மாறியது. நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், கை வலிக்கிற அளவுக்கு. வயிறு எரிந்தது. இதற்குக் கொஞ்சம் கௌரவமான வார்த்தை இருக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

அவளை வீட்டுக்குக் கூப்பிட்டது நான்தான். பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அலமாரியைப் பார்த்து அவள் வாய் பிளக்க வேண்டும், அதைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். வாய் பிளக்கத்தான் செய்தாள். "இன்னாடி இவ்ளோ புக்கு!" என்று சொல்லிக்கொண்டே போய்க் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து உள்ளே பார்த்தாள். கை பட்ட இடமெல்லாம் வியர்வைத் தடம். சரி, அப்பா கத்தப் போகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அப்பா கத்தவில்லை. ஈஸிசேரில் படுத்திருந்தவர் எழுந்து வந்தார்.

"அங்கிள், இதெல்லாம் நீங்க படிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"எல்லாம் எங்கேம்மா? பாதிதான். உனக்கு எது வேணும், எடுத்துக்கோ" என்று சாவியை அவள் கையில் கொடுத்தார்.

சாவியைக் கையில் கொடுத்தார். நான் அதைத் தொட்டதே இல்லை. அம்மா விருந்தாளிகளுக்கென்று ஒளித்து வைத்திருக்கும் உஸ்மானியா பிஸ்கட்டை எடுத்துவந்து இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் வைத்தாள். எனக்கு நக்கோ, வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். கூடத்தில் அப்பா பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் சிரித்தார். அவள் கேள்வி கேட்பாள், அவ்வளவுதான் அவள் செய்தது. "அப்புறம் என்னாச்சு அங்கிள்?" என்பாள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அன்றைக்கு அவள் என் அப்பாவை மயக்குகிறாள் என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை தோறும் வர ஆரம்பித்தாள். இதற்கு நடுவில் நாங்கள் சிநேகிதிகளாகவும் இருந்தோம், அதையும் சொல்ல வேண்டும். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. அவள் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், மிஸ் அதற்கு மதிப்பெண் குறைப்பார். அதனால் அவளுடைய கவாஹியை நான் பார்த்து அழகாக எழுதித் தருவேன். பதிலுக்கு என் கட்டுரையின் பத்திகள் எப்படித் தொடங்க வேண்டும் என்று அவள் சொல்லித் தருவாள். அவள் சொன்ன முதல் வாக்கியங்களை வைத்துக்கொண்டு எனக்கும் "வெரி குட்" விழ ஆரம்பித்தது. அந்த "வெரி குட்"டைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் எரிச்சலாக வந்தது.

டிசம்பரில் பள்ளிகளுக்கிடையே கட்டுரைப் போட்டி வந்தது. பள்ளிக்கு ஒரு கட்டுரைதான் அனுப்பலாம். தலைப்பு, நான் பள்ளிக்கு வரும் வழி. எனக்கு வழி எங்கே இருக்கிறது? வீட்டுப் படி இறங்கினால் நான்கு நிமிடத்தில் பள்ளிக்கூட கேட். அவளுக்கு மல்லாபூரிலிருந்து ஒரு உலகமே இருந்தது.

அவளுக்கு அந்தப் போட்டி வெறும் போட்டி இல்லை. பத்தாவது முடிந்ததும் அவளை மருந்து ஆலையில் மாத்திரை அட்டை அடுக்கும் வேலைக்கு அனுப்புவதாக வீட்டில் முடிவாகியிருந்தது. மிஸ் அவளிடம், "உன் கட்டுரை பள்ளியின் சார்பாகப் போகட்டும். அதற்குப் பள்ளி தரும் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே மல்லாபூர் வந்து உன் அப்பாவிடம் பேசுகிறேன். பத்தாவதுக்கு மேல் இன்டர் இரண்டு வருடமும் படிக்க வைக்கச் சொல்கிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். இதை அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அவள் அப்பா, யார் பேச்சையும் கேட்காவிட்டாலும் டீச்சர் பேச்சைக் கேட்பாராம்.

மிஸ் அவள் கட்டுரையைத்தான் தேர்ந்தெடுத்தார். வழக்கம் போல அவள் கிறுக்கி வைத்திருந்த கவாஹியை என்னிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். வீட்டுக்கு வந்து பிரித்தேன். நடுப் பத்திகளில் முதலாவது, ஷிப்ட் சங்கு ஊதும் நேரம், சொன்னவர் அவள் அப்பா. இரண்டாவது, பஸ் கண்டக்டர். மூன்றாவது, எங்கள் தெரு. எங்கள் தெரு முனையில் ஸ்கூட்டர்கள் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் கிணறு இருந்ததாம். ரோடு போட்டபோது கல் பலகையால் மூடிவிட்டார்களாம். பழைய பால்காரர்கள் அந்தப் பலகைமேல் சைக்கிளை நிறுத்த மாட்டார்களாம், சுற்றிக்கொண்டு போவார்களாம். அதற்கு ஆதாரம் என்று என் அப்பாவின் பெயர், உத்தியோகம், வீட்டுக் கூடத்தில் சொன்னது, சனி.

நான் அந்தத் தெருவிலேயே பிறந்தவள். அந்தப் பலகைமேல் நொண்டி ஆடியிருக்கிறேன். அடியில் கிணறு இருக்கிறது என்று அப்பா என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. என் தெரு, என் அப்பா, இரண்டும் அவளுடைய மூன்றாவது பத்தியில் உட்கார்ந்திருந்தன. பொறுக்கவில்லை. அவள் நன்றாக எழுதியது கூட அவ்வளவு பெரிதில்லை, அந்த ஒரு வரிதான் பொறுக்கவில்லை. அச்சுப் போன்ற என் கையெழுத்தில் இரண்டு வரியை மட்டும் எழுதினேன். மூன்றாவதை எழுதவில்லை. மறுநாள் காலை வெந்நீர் பாய்லருக்குச் சுள்ளி போடும்போது அவள் கிறுக்கிய தாளையும் சேர்த்துப் போட்டேன். குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போய் அவளிடம் கொடுத்தேன். மணி அடித்துவிட்டது, அவள் பார்க்காமலே ஊசி குத்தி மிஸ்ஸிடம் கொடுத்தாள். என்னை அவ்வளவு நம்பினாள்.

ஒரு ஆதாரம் குறைந்தால் மிஸ் திருப்பித் தருவார், அவள் இன்னொரு முறை எழுதுவாள், அப்பா பெயர் ஒரு நாளாவது இல்லாமல் இருக்கும். நான் நினைத்தது இவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு மிஸ் காய்ச்சலில் லீவு போடும் அவசரத்தில் கட்டுரையை அப்படியே தலைமையாசிரியை மேஜைக்கு அனுப்பிவிட்டார். கையெழுத்துப் போடும் முன் அந்த அம்மாள் படித்துப் பார்த்திருக்கிறார். அந்தக் கிணற்றையும் பால்காரர்களையும் பற்றி அவர் ஏற்கெனவே படித்திருந்தார். நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் அப்பா அதைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். ஒரு பிரதியைப் பெருமையாகப் பள்ளிக்கும் கொடுத்திருந்தார். அதுவும் எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் எங்கள் இருவரையும் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார்கள். மிஸ் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். மேஜைமேல் மலரும் கட்டுரையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அப்பாவை ஆபீசிலிருந்து வரவழைத்திருந்தார்கள். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"இதற்கு ஆதாரம் எங்கே?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

அவள் கவாஹியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தமிழில் என்னிடம், "நான் எழுதிக் கொடுத்தேனேடி. நீ பாத்துதானே எழுதுனே?" என்றாள்.

மிஸ் என் பக்கம் திரும்பினார். "அவள் கொடுத்த தாளில் இருந்ததா?"

"இல்லை மிஸ்" என்றேன். குரல் நடுங்கவில்லை.

"அந்தத் தாள் எங்கே?"

"எழுதினதும் கிழித்துப் போட்டுவிட்டேன் மிஸ். எப்பவும் அப்படித்தான்."

அவள் என் அப்பாவிடம் போய் நின்றாள். "அங்கிள், நீங்கதானே சொன்னீங்க? நீங்களே சொல்லுங்க அங்கிள்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்து, "சொன்னேன். ஆனா பேரைப் போட்டிருக்கணும்மா" என்றார்.

அவ்வளவுதான். திருடி எழுதியது என்று தலைமையாசிரியை சிவப்பு மையில் எழுதினார். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. என் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அது கூட எனக்கு அவமானமாக இருந்தது.

போட்டிக்கு என் கட்டுரை போனது. ஒரு பரிசும் கிடைக்கவில்லை. மிஸ் மல்லாபூருக்குப் போகவில்லை. மார்ச்சில் பரீட்சை எழுதியதோடு அவள் நின்றுவிட்டாள். வீட்டில் அப்பா அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பழையபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தன் பெயர் போடவில்லை என்ற கோபத்தில்தான் அவர் அன்று அவளைக் கைவிட்டார் என்று நினைத்தேன். ஒரு வரிக்கு இவ்வளவு ரோஷமா என்று மனதுக்குள் அவரைக் கேவலமாகக் கூட நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. குற்றத்தில் பாதியை அவர் தலையில் இறக்கிவைத்துவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன் மோண்டா மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். கீரைக் கட்டுகளுக்கு நடுவில், "ஏய், நீதானே?" என்று கையைப் பிடித்தாள். தலை முழுக்க நரை. இருபது வருடம் மாத்திரை அட்டை அடுக்கினாளாம், அப்புறம் பேக்கிங் பிரிவுக்கே சூப்பர்வைசர் ஆனாளாம். மகன் சனத்நகரில் சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருக்கிறானாம். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் கேட்டுவிட்டாள். "அங்கிள் எப்படி இருக்காரு? நல்லா பேசுவாரு இல்ல? ஒரு நாளு வந்து பாக்கணும்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவள் போன் நம்பரைக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன். அப்பாவைப் பார்க்க வரச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு அப்போது பார்வை முக்கால்வாசி போய்விட்டது. காலையில் நான்தான் பேப்பர் படித்துக் காட்டுவேன். மறுநாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன். "அப்பா, அந்த மல்லாபூர்ப் பொண்ணு உங்க பேரைப் போட்டிருந்தா. நான்தான் எழுதாம விட்டேன்."

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"என்னைக் கேட்டுட்டுதாம்மா அது அந்த வரிய எழுதுச்சு. என் எதிர்லயே உக்காந்து. ரெண்டு இனிஷியலும் போடணுமா அங்கிள்னு கேட்டுச்சு. அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏன்ப்பா சொல்லல?"

"ஹவ், ஆமா, சொல்லியிருக்கணும்தான்." மடித்த பேப்பரைத் தடவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சொல்லியிருந்தா உன்னத்தானே ஸ்கூலை விட்டு அனுப்பியிருப்பாங்க? நீ என் பொண்ணாச்சே."

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, பாவம், என்ன துக்கமோ என்று என் முதுகைத் தடவினாள். அது துக்கம் இல்லை. சந்தோஷம். அந்தச் சாவியைக் கையில் வாங்கியவளா நானா என்று வந்தபோது அப்பா என்னைத்தான் எடுத்துக்கொண்டார் என்ற சந்தோஷம். ஒருத்தியின் படிப்பு போனது எனக்கு நினைவுக்கு வந்தது அதற்கெல்லாம் அப்புறம்தான், சாயங்காலம் காபி போடும்போது.

அப்பா இறந்துபோய், வரும் மாசியோடு இரண்டு வருடம். உங்கள் எல்லோருக்கும் சொன்னேன், வந்தீர்கள். அவளுக்கு மட்டும் நான் சொல்லவில்லை. சொன்னால் அன்றே இரண்டு பஸ் மாறியாவது வந்து நின்றிருப்பாள். அங்கிள், அங்கிள் என்று என்னைவிட அதிகமாக அழுதிருப்பாள். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.